குடிமக்கள் தூது: சேர விரும்புவோர் வினவுவன

திருக்குறளின் பொருட்பாலில் தூது என்றோர் அதிகாரம் உண்டு. அதன்கண் கூறப்படுவது வேந்தன் விடுக்கும் தூது. ஓர் அரசன் பொருட்டு மற்றோர் அரசன் அவைக்குச் சென்று, சொல்ல வேண்டியதை அஞ்சாது சொல்லி மீள்பவனே ஆண்டுக் குறிக்கப்பெறும் தூதன். இக்காலத்து அரசாங்கங்கள் வேற்று நாட்டுத் தலைநகர்களில் நிறுத்தியிருக்கும் ஸ்தானாபதிகளும் அவ்வினத்தவரே. ஆயின் சென்ற ஒரு நூற்றாண்டுக் காலத்தில் வேறொரு வகைத் தூதும் உலகில் தோன்றியுள்ளது. அத்தூதரை எவ்வரசனும் விடுப்பதில்லை. அவர் கையில் முத்திரையிட்ட ஓலை யாதுமில்லை. அவர் ஏறிப் பேச வேண்டிய அவையும் இல்லை. ஒரு நாட்டின் சாதாரணக் குடிமக்கள் மற்றொரு நாட்டின் சாதாரணக் குடிமக்களிடம் தாமாகவே சென்று, அவரோடு உண்டு, அவரோடு உழைத்து, அவர் கூறுவதைக் கேட்டு மீளுகின்றனர். இதனைக் குடிமக்கள் தூது என்று இக்கட்டுரையில் வழங்குவோம்.

இத்தொண்டினை நடத்தும் சங்கங்கள் பல. முதல் உலக யுத்தத்தில் காயம்பட்ட வீரரை ஆம்புலன்ஸ் வண்டிகளில் ஏற்றிச் சென்ற அமெரிக்கத் தொண்டரின் சங்கம், 1947 முதலாகப் பள்ளி மாணவரை நாடு மாற்றி அனுப்பி அயலார் குடும்பங்களில் வசிக்கச் செய்து வருகின்றது. 1949-இல் டென்மார்க்கில் தோன்றிய ஸெர்வாஸ் என்னும் சங்கம், பிரயாணிகளைக் காசு பெறாமல் தம் இல்லங்களில் ஏற்போரை ஒன்று சேர்த்தது. அமெரிக்காவில் ஐஸன்ஹோவர் 1956-இல் தொடங்கி வைத்த இயக்கத்தின் பயனாக நகரோடு நகர் உறவு பூணும் வழக்கமும் பரவிற்று. இவை யாவற்றையும் இங்கு விரிப்பின் ஏடு போதாது. ஆதலின் இவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதிற் சேர விரும்பும் மாணாக்கர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு நாமறிந்த விடைகளைக் கூறுவோம். அஃது ஸர்வீஸ் ஸிவில் இன்டர்நாஸியோனால் என்பது. பிரெஞ்சு மொழியிலமைந்த அப்பெயருக்குச் சர்வதேச மக்கட் பணி என்று பொருள் கொள்ளலாம். நம் நாட்டோடு அதற்கு 1934 முதலே தொடர்பு உண்டென்பதும் நாம் அதனைத் தேர்ந்தமைக்கு ஒரு காரணம்.

"அச்சங்கத்தின் நோக்கம் யாது?" என்பதே முதற் கேள்வியாக வருவது இயல்பு. அதற்கு விடையை அதன் விதிகளிற் தேடுவதினும் அதன் பிறப்பிற் தேடுதல் நன்று.

பியேர் ஸெரெஸோல் என்பார் 1879-இல் ஸ்விட்ஸர்லாந்து தேசத்து லோஸான் நகரிற் பிறந்தவர். அவர் தந்தையார் 1873-இல் அக்கூட்டரசின் தலைவர் பதவி வகித்தவர். பியேர் கணிதமும் பொறியியலும் கற்று, அமெரிக்காவிலும் ஜப்பானிலும் சில ஆண்டுகள் உழைத்துத் தாயகம் திரும்பியவர். யுத்தம் மூண்டிருந்த காலத்தில், படைப்பணிக்கு ஈடாகச் செலுத்த வேண்டிய வரியைச் செலுத்த மனச்சான்று இடந்தரவில்லை என்று கூறி 1917-இல் சிறை சென்றார். சிறை சென்றதனால் மட்டும் அவர் உள்ளம் அமைதியுறவில்லை. போர் வேண்டாமென்று சொல்லுவோர், போர்வீரர் தம் நாட்டிற்கு அளிக்கும் உழைப்புக்கும் துணிவுக்கும் நிகரான ஒன்றைத் தாமும் அளித்துக் காட்டவேண்டுமன்றோ என்பது அவர் எண்ணம். படைப்பணி என்பதற்கு எதிர்மொழியாகவே மக்கட் பணி என்ற பெயர் எழுந்தது. மண்வெட்டியும், முறிந்த வாளும், சமாதானம் எனப் பொருள்படும் இலத்தீன் மொழியும் பொறித்த இலச்சினை அதன் கருத்தை விளக்கப் போதுமானது.

முதற்பணி 1920-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பிரான்ஸ் தேசத்தில் தொடங்கிற்று. வெர்டன் கோட்டையைச் சூழ்ந்து 1916-இல் பிப்ரவரி முதல் டிசம்பர் வரை நிகழ்ந்த பெரும்போரை மாணாக்கர் சரித்திர பாடத்திற் படித்திருப்பர். அப்போர்க்களத்தின் ஒருபுறத்தே எஸ்ன் என்னும் சிற்றூர் இருந்தது. இருந்தது என்பதினும் இடிபாடாய்க் கிடந்தது எனல் தகும். அண்டையிலிருந்த குமியேர் என்ற கிராமம் பின்னர் எக்காலத்தும் ஊராக எழவில்லை. அந்நிலத்தில் வெடியாத குண்டுகள் இன்றளவும் உழுபடையில் அகப்பட்டு வருகின்றன. இத்தகைய இடத்தில், போர் ஓய்ந்து இரண்டே ஆண்டுகள் கழிந்த காலத்தில், குளிர்காலத்தின் கடுமையில், ஸெரெஸோலும் ஒரு சிறு கூட்டத்தாரும் சென்றிறங்கினர். அவருள் ஸ்விஸ் தேசத்தாரும் ஆங்கிலேயரும் இருந்தனர், ஜெர்மானியரும் இருந்தனர். மரத்தாற் குடில்கள் அமைத்தலும், பாதைகளைச் செப்பனிடுதலும், குண்டுகளால் குழிபட்ட வயல்களைச் சமன் செய்தலும் அவர் செய்த வேலைகள்.

எஸ்ன் கிராமத்தாரின் நிலையில் நம்மை வைத்து எண்ணிப் பார்ப்போம். மகனை இழந்த தாய் ஒருத்தி அவ்வூரிற் குடியேறத் திரும்பி வந்திருக்கின்றாள். அவள் கண்முன்னே, பகைவர் பாஷை பேசும் ஒருவன் அவள் வீட்டுச் சுவருக்குப் பலகை அறைகின்றான். அவனை அவள் வாழ்த்தக் கடமைப்பட்டவளா? அல்லள் என்றே நாம் கருதுகின்றோம். ஜெர்மானியர் அங்கிருத்தல் தகாதென்ற எதிர்ப்பு வலுத்தது. ஐந்து மாதங்களில், 1921-ஆம் ஆண்டு வேனிற்காலத் தொடக்கத்தே, வேலை நின்றது. ஜெர்மானியரை மட்டும் அனுப்பிவிட்டு ஏனையோர் தொடர்ந்திருப்பின் மேலும் சில குடில்கள் எழுந்திருக்கலாம். ஆனால் அக்குடில்களைக் கூலிக்கு வந்த எந்தத் தச்சனும் எழுப்பியிருப்பான். பகைவர் இருவர் ஒரே உத்தரத்தை இரு முனையிலும் தாங்கி நிற்பதே அவர் செய்ய வந்த காரியம். அதனை விட்டுவிட்டால் எஞ்சுவது வெறும் தச்சுவேலையே.

ஒரு சங்கம் தன் முதல் முயற்சி நின்றுபோன கதையைத் தன் பிறப்புக் கதையாகச் சொல்லிக்கொள்வது அருமை. இச்சங்கம் அங்ஙனமே சொல்லி வருகின்றது. சேர விரும்புவோர் இதனை முன்னரே அறிந்திருத்தல் நலம். செல்லுமிடத்திலெல்லாம் மாலையும் மரியாதையும் கிடைக்குமென்று எண்ணிப் புறப்படுவோர் வேறு சங்கம் நாடுக.

பின்வந்த பணிகள் சிறிது சிறிதாகப் பெருகின. 1924-இல் ஸ்விஸ் மலைநாட்டில் பனிப்பாறைச் சரிவால் பாழ்பட்ட ஊரொன்றைச் சீர்செய்ய முனைந்தபோது, பியேரின் உடன்பிறந்தாரும் ஸ்விஸ் படையில் கர்னல் பதவி வகித்தவருமான எர்னெஸ்ட் ஸெரெஸோல் தலைமை ஏற்றார். படைப்பணியை மறுத்துச் சிறை சென்ற தமக்குப் படைத்தலைவரே துணையாய் நின்றமை பியேருக்கு வியப்பளித்திருக்குமோ அன்றோ, நமக்கு அளிக்கின்றது. ரைன் நதி 1927-இல் கரையுடைத்து லீக்டன்ஸ்டைன் என்னும் சிறு நாட்டின் வயல்களைக் கல்லும் மணலுமாக மூடியபோது, மறு ஆண்டில் பல தேசங்களிலிருந்து 700-க்கு மேற்பட்ட தொண்டர் முறைமுறையாக வந்து அவற்றை அகற்றினர். பத்துப் பேருடன் தொடங்கியது எட்டு ஆண்டுகளில் இவ்வளவிற்று வளர்ந்தது.

இனி நம் நாட்டுத் தொடர்பைக் கூறுவோம். 1934-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் பீகார் மாகாணத்தை உலுக்கிய பூகம்பத்தைப் பற்றி நம் முதியோர் பேசக் கேட்டிருக்கலாம். அச்செய்தி கேட்டு ஸெரெஸோல் அவ்வாண்டிலேயே கப்பலேறி வந்தார். அவ்வாண்டில் அவருக்கு வயது 55 நிரம்பிற்று. பூகம்பத்தால் நிலமட்டம் மாறி, முன்னர் உலர்ந்திருந்த ஊர்கள் வெள்ளக்காலத்தில் நீரில் ஆழலாயின. அவ்வூராரை மேட்டு நிலத்திற்குக் குடிபெயர்த்துப் புதிய ஊர்கள் அமைப்பதே முஜபர்பூர் ஜில்லாவில் அவரும் ஐரோப்பிய நண்பர் சிலரும் கைக்கொண்ட பணி. அவ்வாறு எழுந்த ஊரொன்றுக்குச் சாந்திபூர் என்று பெயரிட்டனர்.

மண்வெட்டியும் கூடையும் பிடிப்பது ஸெரெஸோலுக்குப் பழகிய வேலை. பீகாரில் அவருக்கு வாய்த்த அரிய வேலை மற்றொன்று. ஒருபுறம் ராஜேந்திர பிரசாத் தலைமையில் இயங்கிய மத்திய நிவாரணக் கமிட்டி. மறுபுறம் ஆங்கில அரசாங்கத்து அதிகாரிகள். சட்டமறுப்பு இயக்கத்தின் சூடு ஆறாத காலம் அது. இரு திறத்தாரும் ஒருவரையொருவர் ஐயுற்றிருந்தனர். இரு கட்சியையும் சாராத அயல்நாட்டான் ஒருவன் இருவரிடமும் சென்று பேசவும், இருவர் உதவியையும் பெற்று ஒரே ஊரைக் கட்டவும் கூடுமாயிருந்தது. அவன் கால்களில் சேறு படிந்திருந்தமையால் இருவரும் அவனை நம்பினர் என்பது நம் கருத்து. 1937 வரை அவர் இவ்வாறு வந்து வந்து சென்றார். காந்தியடிகளையும் கண்டு அளவளாவினார். இரண்டாம் உலக யுத்தகாலத்தில் ஜெர்மன் எல்லையை அனுமதியின்றிக் கடந்து, அந்நாட்டாரிடம் நேரிற் பேச முயன்று சிறைப்பட்ட அவர், 1945-இல் காலமானார்.

ஐக்கிய நாட்டுக் கல்விக் கழகமாகிய யுனெஸ்கோவின் ஆதரவில் 1948-இல் இத்தகைய முகாம்களை இணைக்கும் குழு ஒன்று பாரீஸில் அமைந்தது. இந்தியாவில் 1950 முதல் சங்கத்தின் வேலை நிலையாக வேரூன்றிற்று. சரித்திரம் இம்மட்டில் நிற்க.

"யார் சேரலாம்?" என்பர். பதினெட்டு வயது நிரம்பியவர் எவரும் சேரலாம். சில முகாம்கள் 16 வயதினரையும் ஏற்பதுண்டு. பட்டம் வேண்டுவதில்லை. சாதி, சமயம், கட்சி எவையும் கேட்கப்படுவதில்லை. முதுமையும் தடையன்று. ஆண் பெண் இருபாலாரும் ஒரே நிலையில் உழைப்பர். பழங்காலத்து முகாம்களில் ஆடவர் பாறை சுமக்க, சகோதரிகள் என அழைக்கப்பட்ட பெண்டிர் சமைத்தும் துணி துவைத்தும் வந்தனர். அப்பாகுபாடு ஒழிந்து நெடுங்காலமாயிற்று. இப்பொழுது சமையல் முறை வைத்து நடைபெறுகின்றது. இதனால் நம் இளைஞர் சிலருக்கு இடர் விளைவதுண்டு. அடுப்பங்கரையை எட்டிப் பாராமல் இருபது வயது வரை வளர்ந்தவர், பதினைந்து பேருக்கு இரவுணவு ஆக்க வேண்டிய நாள் வந்ததும் திகைத்து நிற்பர். புறப்படுமுன் அன்னையாரிடம் ஒரு ரசமும் ஒரு கூட்டும் கற்றுக்கொள்ளுதல் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியினும் அவசியமானது. மரக்கறியுணவினர் தம் வழக்கத்தை விண்ணப்பத்திலேயே தெரிவித்துவிடலாம். அதனால் குறை நேர்வதில்லை.

"எங்ஙனம் சேருவது?" என்பது அடுத்தது. அயல்நாட்டு முகாமுக்கு நேரே எழுதுதல் பயனற்றது. அவரவர் வசிக்கும் நாட்டிலுள்ள கிளையின் வாயிலாகவே விண்ணப்பிக்க வேண்டும். இந்தியாவிலும் இலங்கையிலும் கிளைகள் உள்ளன. தாம் ஏன் செல்ல விரும்புகின்றார் என்பதைச் சில வரிகளில் எழுதித்தரும்படி கேட்பர். இவ்விடத்தில் மாணாக்கர் உலக சமாதானத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுகின்றனர். அதற்கு மாறாக, தாம் முன்னர் எங்கேனும் கைவேலை செய்ததுண்டா, பிறரோடு ஒரே அறையில் உறங்கியதுண்டா, எவ்வேலை தமக்கு இயலாது என்பவற்றை எழுதினால் படிப்பவருக்கு உதவும். நாட்டு நலப்பணித் திட்டம் 1969-இல் தொடங்கிய நாள் முதல் நம் கல்லூரிகளில் கிராம முகாம்கள் நடைபெறுகின்றன. அவற்றில் ஒன்றிலேனும் இருந்தவர்க்கு இம்முகாம்களின் நாட்படி புதிதாகத் தோன்றாது.

பெரும்பான்மையான முகாம்கள் இரண்டு அல்லது மூன்று வாரம் நடைபெறும். பத்து முதல் இருபது பேர் வரை, பல நாட்டினராய்க் கூடுவர். வாரத்திற்கு 30 முதல் 40 மணி நேரம் வேலை. எஞ்சிய நேரத்தில் அம்முகாமுக்குரிய பொருளைப் பற்றிய படிப்பும் உரையாடலும் நிகழும். அகதிகள் விடுதியில் துணைபுரிதல், காட்டுப் பாதை திருத்தல், குழந்தைகளுக்கு விளையாட்டு நடத்துதல், பழங்கட்டிடம் புதுக்குதல் என வேலைகள் பலதிறப்படும். மூன்று மாதம் முதல் ஓராண்டு வரை தங்கிப் பணிபுரியும் ஏற்பாடும் உண்டு.

செலவைப் பற்றிய கேள்விக்குச் சுருங்கச் சொல்லலாம். சம்பளம் இல்லை. உணவும் உறையுளும் முகாமார் அளிப்பர். வழிச்செலவும் விண்ணப்பக் கட்டணமும் தொண்டருடையன. விபத்துக் காப்பீடு சங்கத்தின் பொறுப்பு. நெடுநாட் பணியாளர்க்குக் கைச்செலவுக்குச் சிறு தொகை கிடைக்கக்கூடும்.

"இதனை உத்தியோகமாகக் கொள்ளலாமோ?" என்று கேட்போரும் உளர், பட்டம் பெற்றுப் பணியின்றி இருக்கும் காலத்தில் அக்கேள்வி நியாயமே. காரியாலயங்களில் ஊதியம் பெறுவோர் ஒரு சிலரே. அவரும் பெரும்பாலும் பல ஆண்டுகள் தொண்டராயிருந்து பழகியவர். ஊதியம் வேண்டுவோர் இவ்வாயிலை நம்பிக் காத்திருத்தல் கூடாது.

வழிச்செலவினும் பெரிய தடை ஒன்று உண்டு. அதனை மறைத்தல் தகாது. அயல்நாட்டார் அனுமதிச் சீட்டாகிய விசா அனைவர்க்கும் ஒரு தன்மையாகக் கிடைப்பதில்லை. ஐரோப்பிய இளைஞர் ஒருவர் எவரையும் கேளாமல் அண்டை நாட்டு முகாமுக்கு இரயிலேறிச் செல்கின்றார். நம் மாணாக்கர் வங்கிக் கணக்கும், பெற்றோர் சொத்துப் பத்திரமும், அழைப்புக் கடிதமும் எடுத்துக்கொண்டு தூதரக வாயிலில் நிற்கின்றார். அழைப்புக் கடிதத்தைச் சங்கம் தரும். விசாவைத் தரச் சங்கத்தால் இயலாது. மறுக்கப்பட்டோர் பலர். தொண்டுக்கெனச் செல்வோர் சுற்றுலாச் சீட்டில் நுழைதலைச் சில தேசங்கள் குற்றமாகக் கருதுமாதலால், எவ்வகைச் சீட்டு வேண்டுமென்று கிளையாரை முன்னரே கேட்டுத் தெளிதல் வேண்டும். குடிமக்களின் தூது அரசர் வாயிற்காவலரைக் கடந்துதான் செல்ல வேண்டியிருக்கின்றது. சமமாகப் பழக விரும்புவோரின் கூட்டத்தில் முதற் சமமின்மை இங்கேயே தோன்றிவிடுகின்றது என்பதை அச்சங்கத்தாரும் அறிவர்.

"அங்குச் சென்றால் நான் இந்தியாவின் பிரதிநிதி அன்றோ? நம் நாட்டை எவரேனும் குறை கூறினால் என் செய்வது?" என்று ஆர்வமுள்ள மாணாக்கர் கேட்கின்றனர். இக்கேள்வி நமக்கு மிகவும் பிடித்தமானது. ஏனெனில் இதிலேதான் இருவகைத் தூதுக்குமுள்ள வேற்றுமை விளங்குகின்றது. அரசாங்கத்தின் தூதர் தம் அரசின் செயலை ஆதரித்தே பேசவேண்டும். அஃது அவர் கடமை; அதற்கே அவருக்குச் சம்பளம். குடிமகனாகச் செல்பவர்க்கு அக்கட்டுப்பாடு இல்லை. நம் ஊரில் சாதியின் பெயரால் நடப்பது உண்மையா என்று ஒருவர் வினவினால், ஆம், உண்மை என்று கூற அவருக்கு உரிமையுண்டு. அவ்வாறு கூறியபின், தம் ஊரில் அதனை எதிர்த்து நிற்பவர் யார், தாம் அதிற் செய்ததென்ன என்று பேச்சு வளரும். மறுத்துரைத்தால் பேச்சு அங்கேயே முறிந்துபோம். அவ்வாறே, அயல்நாட்டு நண்பர் தம் நாட்டின் போரையோ குடியேற்ற ஆட்சியையோ குறித்துத் தாமே குறை கூறுங்கால் அதனை வெற்றியாகக் கொண்டாடுதல் அழகன்று. ஜெர்மானியத் தொண்டர் எஸ்ன் கிராமத்திற்குச் சென்றது தம் நாட்டை நியாயப்படுத்துதற்கன்று.

முகாமில் சச்சரவுகள் நேருமோ என்றால், நேரும். பெரும்பாலும் அவை தேசங்களின் பகையால் எழுவனவல்ல. பாத்திரம் கழுவும் முறையாலும், இரவில் விளக்கணைக்கும் நேரத்தாலும், தாமதித்து எழுவோராலும் எழுவன. ஒரு பாஷையைத் தாய்மொழியாக உடையோர் விரைந்து பேசி முடிவு செய்துவிட, ஏனையோர் வாய்மூடி இருத்தல் மற்றொரு காரணம். பொதுமொழி பெரும்பாலும் ஆங்கிலமாதலின், அதில் வல்லவர் நிதானித்துப் பேசுதல் அவரது முதல் தொண்டாகும். நம் கல்லூரி மாணாக்கருள் ஆங்கிலத்திற்கு அஞ்சுவோர் பலர். அஞ்ச வேண்டுவதில்லை. மண்வெட்டி பிடிக்கும் இடத்தில் இலக்கணப் பிழையை எவரும் எண்ணுவதில்லை.

இறுதியாக, அறிவுடைய மாணாக்கர் கேட்கும் கடுமையான கேள்வி ஒன்றுண்டு. "விமானச் சீட்டுக்கு நான் செலவிடும் பணத்தை அவ்வூராருக்கே அனுப்பினால், அங்குள்ள கூலியாள் பத்துப்பேர் ஒரு மாதம் உழைத்து என்னினும் நன்றாகக் கட்டி முடிப்பரே. நான் சென்று அரைகுறையாகச் சுவர் எழுப்புவதால் யாருக்கு நன்மை?" என்கின்றனர். இதனை எளிதாகத் தள்ளிவிட இயலாது. தள்ளிவிடுவோரை நாம் நம்புவதில்லை.

கட்டிடம் மட்டுமே வேண்டப்படுமிடத்தில் அவர் கூறுவதே சரி. அங்குப் பணம் அனுப்புவதே அறம். கூலிக்கு ஆள் கிடைக்கும் வேலையை இலவசத் தொண்டர் செய்தால் ஏழையின் கூலி போகும் என்ற அச்சமும் பழமையானது. வேல்ஸ் நாட்டில் பிரின்மார் என்னும் சுரங்கத் தொழிலாளர் ஊரில், வேலையின்மை தலைவிரித்தாடிய 1931-இல், பல நாட்டு மாணாக்கர் உள்ளூராரோடு சேர்ந்து பூங்காவும் நீச்சற்குளமும் அமைக்கச் சென்றபோது, கூலியின்றி உழைப்பது தொழிலாளர் உரிமைக்குக் கேடென்று அவ்வூரிலேயே எதிர்த்தோர் உண்டு. அவர் கூறியதில் நியாயம் இருந்தது. ஆதலின் பிறர் கூலியைக் கெடுக்காத வேலையை, தொண்டரின்றி நடவாத வேலையை மட்டுமே ஏற்பது என்பது இத்தகைய சங்கங்களின் நெடுநாள் வழக்கம். விண்ணப்பிக்குமுன், குறித்த முகாம் அவ்வழக்கத்திற்கு இணங்கியதா என்று கேட்க மாணாக்கருக்கு உரிமையுண்டு. அனாதை விடுதியில் இருவாரம் குழந்தைகளைக் கொஞ்சிவிட்டுப் புகைப்படத்தோடு திரும்பும் பிரயாணங்களைப் பணம் பெற்று நடத்தும் வியாபாரிகளும் இக்காலத்துப் பெருகியுள்ளனர். பெயர் ஒத்திருப்பது கண்டு மயங்கற்க.

ஆயினும் சாந்திபூரை மறுபடி எண்ணுவோம். அங்கு மண் சுமந்தோரிற் பெரும்பாலார் அவ்வூராரே. நாலைந்து ஐரோப்பியர் சுமந்த மண்ணால் ஊர் உயர்ந்துவிடவில்லை. அவ்வைரோப்பியர் தம் கப்பற் கட்டணத்தை அனுப்பியிருந்தால் மண் சற்று விரைவாகவே குவிந்திருக்கும். ஆனால் வெள்ளையன் என்றால் குதிரைமேல் வரும் அதிகாரி என்றே கண்டிருந்த குடியானவர், கூடை சுமக்கும் வெள்ளையனைக் கண்டனர். அக்காட்சியை எவ்வளவு பணம் அனுப்பியும் வாங்கியிருக்க இயலாது. அதுபோலவே ஐரோப்பாவில் அவர் கடிதங்களைப் படித்தவர், பீகார்க் குடியானவனைப் புள்ளிவிவரமாக அன்றிப் பெயருள்ள மனிதனாக அறிந்தனர். இதனாற் போர்கள் நின்றனவா என்று கேட்பின், இல்லை; 1939-இல் மூண்ட போரே அதற்குச் சாட்சி. எனினும் அப்போர் முடிந்த மறுநாள் பகைநாட்டாரோடு கைகோத்து உழைக்க அறிந்தவர் ஐரோப்பாவிற் சிலராவது ஆயத்தமாக இருந்தனர். ஸ்பெயின் தேசத்து உள்நாட்டுப் போரில் குழந்தைகளைக் காக்க 1937-இல் சென்ற ஸ்விஸ் தொண்டருள் எலிஸபெத் ஐடென்பென்ஸ் என்ற இளம் ஆசிரியையும் ஒருவர். அவர் பின்னர் 1939 முதல் 1944 வரை தென் பிரான்ஸில் எல்ன் என்னுமிடத்தே மகப்பேற்று இல்லம் ஒன்றை நடத்தினார். முள்வேலி முகாம்களில் அடைபட்டிருந்த அகதித் தாய்மாருக்கு ஏறக்குறைய 600 குழந்தைகள் அங்குப் பிறந்தன. நாட்டின் சட்டமும் மாறியது. ஸெரெஸோல் கேட்டுக் கிடைக்காத படைமறுப்போர்க்கான மக்கட் பணியை, ஸ்விஸ் மக்கள் 1992-இல் வாக்களித்து ஏற்றனர். 1996-இல் அது நடைமுறைக்கு வந்தது. அவர் சிறை சென்ற நாளிலிருந்து கணக்கிட்டால் 79 ஆண்டுகள். தூது சென்றவர் விடை கேட்டு வர இவ்வளவு காலமும் ஆகலாம்.

விண்ணப்பிக்கும் காலத்தைப் பற்றி ஒரு சொல். ஐரோப்பிய முகாம்களின் பட்டியல் ஆண்டின் முற்பகுதியில் வெளிவரும். முகாம்களிற் பெரும்பாலன ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் நிகழ்வன. அக்காலத்தில் நம் கல்லூரிகள் திறந்து பாடம் தொடங்கிவிடுகின்றன. ஏப்ரல், மே விடுமுறையைப் பயன்படுத்த விரும்புவோர் இந்தியாவிலோ இலங்கையிலோ நிகழும் முகாம்களை விசாரிக்க. கட்டணம் சிறிது, இந்தியாவுக்குள் செல்வோர்க்கு விசாவும் வேண்டுவதில்லை. அயல்நாட்டார் அங்கு வந்திருப்பர். முதன்முறை செல்வோர் கையில் உறுதியான காலணியும், கொசுவலையும், தம் ஊரைப் பற்றி எவரேனும் கேட்டாற் காட்டுதற்கு வீட்டாரின் புகைப்படம் ஒன்றும் இருந்தாற் போதும்.